மன்னனும் மனச்சாட்சியும்: கிறிஸ்து அரசர் திருநாட் சிந்தனை



வழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறைக் கிறிஸ்து அரசர் பெருவிழாவாக நாம் கொண்டாடி வருகிறோம். பங்குகளிலே நற்கருணைப் பவனி நடக்கும். பாடகர் குழுவினர் பல நாள் முந்தியே பயிற்சியைத் தொடங்கிவிடுவார்கள். சிறு பிள்ளைகள் கடதாசிக் கிரீடம் செய்து தலையில் வைத்துக் கொள்வார்கள். ஆனால், அரசரைப் பற்றி இவ்வளவு பாடுகின்ற நமக்கு அரசன் என்றால் யார் என்று தெரியுமா? பிரித்தானிய முடியின் கீழ்ப் பிறந்த நம் முதியவர்கள்கூட அரசனை நாணயத்திலும் தபால் முத்திரையிலும் கண்டார்களேயன்றி, அவனுடைய கோபத்தையோ தயவையோ நேரிற் கண்டவர்களல்லர். ஆகவே அரசர் என்ற சொல் நம் வாயில் ஓர் இனிமையான பாட்டுச் சொல்லாக மாத்திரம் நின்றுவிட்டது.

பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் இத்திருநாளை ஏற்படுத்தியது 1925ஆம் ஆண்டிலே. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர்தான் ருசியாவிலும் ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் பழைய முடிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்திருந்தன. அவை விழுந்த இடத்திலே முடி சூடாத புதிய எதேச்சாதிகாரிகள் எழத் தொடங்கியிருந்தார்கள். அப்படிப்பட்ட வேளையில், மனிதன்மீது முழு உரிமை உடையவர் ஒருவரே என்று திருச்சபை உலகுக்குச் சொல்ல விரும்பியது. முழு உரிமை! இந்தச் சொல்லின் பாரத்தை உணர வேண்டுமானால், அந்த உரிமையைத் தனக்கென்று கேட்ட ஒரு மனிதனைப் பார்க்க வேண்டும். அதற்காக உங்களைப் பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சு தேசத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

1643ஆம் ஆண்டு, ஐந்து வயது கூட நிரம்பாத ஒரு பாலகன் அங்கே அரசனானான். அவனே 14ஆம் லூயி. 1715 வரை, எழுபத்திரண்டு ஆண்டுகள் அவன் அரியணையில் இருந்தான். 1661இல் முதலமைச்சராயிருந்த கர்தினால் மசறின் இறந்தபோது, இனி முதலமைச்சர் எவரும் வேண்டாம், என் கட்டளையின்றி ஒரு கடதாசியிலேனும் கையொப்பமிடாதீர்கள் என்று இருபத்திரண்டு வயது மன்னன் தன் மந்திரிமாரிடம் சொன்னான். ‘நானே அரசு’ என்று அவன் சொன்னதாகப் பள்ளிக்கூடங்களிலே படித்திருப்பீர்கள். அப்படிச் சொன்னதற்கு ஆதாரமில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அவனுக்கு இருக்கவில்லை.

1654இல் றேம்ஸ் பேராலயத்தில் அவனுக்கு முடிசூட்டினார்கள். பண்டைக்காலத்தில் குளோவிஸ் மன்னனின் ஞானஸ்நானத்துக்காகப் புறாவொன்று வானிலிருந்து கொண்டுவந்ததாக மக்கள் நம்பிய தைலத்தினால் அவன் அபிஷேகம் செய்யப்பட்டான். அதன் பின்பு பெரிய திருநாட்களிலே கழுத்தில் கண்டமாலை நோயுள்ள ஏழைகள் வரிசையாக முழந்தாளிட்டு நிற்க, மன்னன் ஒவ்வொருவரையும் தொட்டு, இறைவன் சுகமாக்குவாராக என்று சொல்லிக்கொண்டு போவான். மகா கிறிஸ்தவ மன்னர் என்பது பிரான்சிய அரசருக்குரிய பட்டம். இதையெல்லாம் இன்று வேடிக்கையாகப் பார்ப்பது சுலபம். அன்றைய ஏழைக் குடியானவனுக்கோ அது வேடிக்கையன்று. தன்னை ஆள்பவன் கடவுளுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவன் என்ற நம்பிக்கையும் அந்தத் தைலத்திலே இருந்தது.

1682இல் மன்னனும் அவன் சபையும் வெர்சாய் மாளிகைக்குக் குடிபோனார்கள். அங்கே மன்னன் நாள்தோறும் பூசை காண்பான், தவறுவதில்லை. ஆனால் அந்தப் பூசை நடந்த விதத்தை லா புறுயேர் என்ற எழுத்தாளர் அக்காலத்திலேயே குறித்து வைத்திருக்கிறார். மன்னன் மேல்மாடத்தில் பீடத்தை நோக்கி முழந்தாளிட்டிருப்பான். கீழே பிரபுக்களோ பீடத்துக்கும் குருவானவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, முகங்களை மேலே உயர்த்தி, மன்னனையே பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். மன்னன் இறைவனை வணங்கினான், அவர்கள் மன்னனை வணங்கினார்கள். நற்கருணை எழுந்தேற்றத்தின்போது பீடத்துக்கு முதுகு காட்டி நின்ற அந்த மனிதர்கள் நாத்திகர்களல்லர், ஞானஸ்நானம் பெற்றவர்கள். பூசை முடிந்ததும் உத்தியோகமோ மானியமோ ஒரு புன்சிரிப்போ கிடைக்குமா என்று காத்திருந்தவர்கள்.

அன்பர்களே, இந்த ஆட்சியை வரலாற்றாசிரியர்கள் வரம்பற்ற முடியாட்சி என்பார்கள். வரம்பு அறவே இல்லை என்பது இதன் பொருளன்று. மனிதர் இயற்றிய சட்டத்துக்கு மன்னன் கட்டுப்பட்டவனல்லன்; கடவுளின் கட்டளைக்கோ கட்டுப்பட்டவன் என்பதே அக்காலத்துப் போதனை. இதை எல்லாரையும்விடத் திறமாக எழுதியவர் ஓர் ஆயர். பொசுவே என்பது அவர் பெயர். மன்னனின் மூத்த மகனுக்குப் பத்தாண்டுகள் ஆசிரியராயிருந்தவர்; பின்னர் 1681இல் மோ மறைமாவட்டத்தின் ஆயரானவர். அரசியலை வேதாகமத்திலிருந்தே எடுத்துக்காட்டி இளவரசனுக்காக அவர் எழுதிய நூல், அவர் இறந்தபின் 1709இல் அச்சாகியது. மன்னனின் அதிகாரம் புனிதமானது, தந்தைக்குரியது, எந்த மனிதனுக்கும் கணக்குக் கொடாதது. ஆயினும் தன்னிச்சையாக நடப்பது வேறு, அது மன்னனுக்கு ஆகாது என்று அவர் போதித்தார். நல்லது. ஆனால் மன்னன் தன்னிச்சையாக நடந்தால் அவனைத் தடுப்பது யார்? கடவுள்தான். கடவுளின் பெயரால் அவனுக்கு எடுத்துச் சொல்வது யார்? குருவானவர்தான். அப்படியானால் முழு நாட்டின் நீதியும் ஒரு குருவானவரின் நாவிலே தொங்குகிறது. அந்த நாவு நடுங்கினால்?

சில வேளைகளில் அது நடுங்கவில்லை என்பதை நாம் பெருமையோடு சொல்லலாம். 1662ஆம் ஆண்டுத் தவக்காலம். முந்திய ஆண்டு விளைச்சல் கெட்டு, பிரான்சிலே பஞ்சம். இளம் குருவாயிருந்த பொசுவே லூவ்ர் மாளிகையில் மன்னனுக்கு முன்னால் தவக்காலப் பிரசங்கங்கள் செய்கிறார். லாசரையும் செல்வந்தனையும் பற்றிய நற்செய்தியை எடுத்துக்கொண்டு, உங்கள் மாளிகை வாசல்களிலே, உங்கள் நிலங்களிலே மக்கள் பட்டினியால் சாகிறார்கள் என்று நேரே சொல்லிவிட்டார். பட்டாடைகளும் மணிமுடியும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தன.

அதைவிட எனக்கு நெருக்கமானது 1675இல் நடந்த ஒரு காரியம். மன்னனுக்கு மரியா தெரேசா என்னும் அரசி இருந்தாள். இருந்தும் மதாம் தெ மொந்தெஸ்பான் என்னும் பிரபுவின் மனைவியை அவன் வைத்திருந்தான். பிள்ளைகளும் பிறந்திருந்தார்கள். நாடெல்லாம் அறிந்த இரகசியம் அது. அவ்வாண்டு பாஸ்காக் கடனைத் தீர்ப்பதற்காக அந்தப் பெருமாட்டி வெர்சாயிலுள்ள ஒரு பங்குக் குருவிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். லெக்குயே என்பது அந்தக் குருவின் பெயர். பாவத்தை விட்டு விலகினாலன்றிப் பாவமன்னிப்புத் தரமுடியாது என்று அவர் சொல்லிவிட்டார். அவள் கொதித்தெழுந்து மன்னனிடம் முறையிட்டாள். மன்னன் பங்கின் தலைமைக் குருவை அழைத்துக் கேட்டான். அவரோ, என் உதவிக் குரு செய்தது சரி என்றார். மன்னன் பொசுவேயை அழைத்தான். முற்றாகப் பிரியாமல் மன்னிப்பில்லை என்று பொசுவேயும் சொல்லிவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். ஏறக்குறைய இரண்டு கோடி மக்களைத் தலைவணங்க வைத்த மன்னன். கோட்டைகளைத் தகர்த்தவன். அவனுடைய ஆள் சாதாரண உதவிக் குரு ஒருவரின் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் முழந்தாளிட்டபோது, அவனுடைய அதிகாரம் அந்தத் தொட்டியின் சிறு கம்பிவலையைக்கூடத் தாண்ட முடியவில்லை! நாத்தான் இறைவாக்கினர் தாவீதின் முன்னால் நின்றதையும், ஸ்நாபக அருளப்பர் ஏரோதனின் முன்னால் நின்றதையும் நாம் பூசையிலே கேட்கிறோம். அவர்களுடைய வரிசையில், பீடத்தில் வைத்து வணங்கப்படாத இந்தக் குருவையும் நான் சேர்த்துக்கொள்வேன்.

மன்னனும் மொந்தெஸ்பானும் அப்போது பிரிந்தார்கள். அடுத்த ஆண்டே மீண்டும் சேர்ந்தார்கள். மேலும் இரு பிள்ளைகள் பிறந்தார்கள். அந்தக் குரு தோற்றுவிட்டாரா? மன்னிப்பு வழங்க மறுத்ததன் நோக்கம் மன்னனை வெல்வதன்று. தேவதிரவிய அனுமானம் விலைப்பொருளன்று என்பதே நோக்கம். அது நிறைவேறியது.

இனி இன்னொரு பக்கம். ஆயர் இல்லாத மறைமாவட்டத்தின் வருமானத்தைத் தான் எடுத்துக்கொள்ளும் உரிமை, அரசின் சில பகுதிகளில் மாத்திரம் மன்னனுக்கு இருந்தது. 1673இலும் 1675இலும் அதை அவன் நாடு முழுவதற்கும் விரித்தான். ஆயர்கள் எல்லாரும் பேசாதிருந்தார்கள். அலே, பமியே என்னும் இரண்டு ஏழை மலைநாட்டு மறைமாவட்டங்களின் ஆயர்கள் இருவர் மாத்திரம் மறுத்தார்கள். பமியே ஆயரின் வருமானங்கள் பறிக்கப்பட்டன; மன்னனுக்கு இணங்காமலே 1680இல் அவர் இறந்தார். பாப்பரசர் 11ஆம் இன்னசென்ற் அவர்கள் பக்கம் நின்றார். 1682இல் பிரான்சிய குருகுலத்தின் பேரவை பாப்பரசரின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்து நான்கு பிரகடனங்களை வெளியிட்டது. அவற்றைத் தொகுத்துக் கொடுத்தவரும் அதே பொசுவேதான். அப்பேரவையில் பங்குபற்றியவர்களை மன்னன் ஆயர்களாக நியமித்தபோது பாப்பரசர் உறுதிப்படுத்த மறுத்தார். 1688 அளவில் முப்பத்தைந்து மறைமாவட்டங்கள் ஆயரின்றிக் கிடந்தன. அவ்வாண்டு மன்னன் பாப்பரசருக்குச் சொந்தமான அவிஞ்ஞோன் நகரையும் கைப்பற்றினான். மகா கிறிஸ்தவ மன்னர்!

இப்போது இந்தக் கட்டுரையை நான் எழுத முற்பட்டதன் காரணத்துக்கு வருகிறேன்.

1683இல் அரசி இறந்தாள். பின்பு மன்னன் மதாம் தெ மந்தெனோன் என்னும் பக்தியுள்ள மாதை இரகசியமாக மணந்து, ஒழுக்கமாக வாழத் தொடங்கினான். அரண்மனையில் செபமும் ஒறுத்தலும் பெருகின. குருமார் நன்றி செலுத்தினார்கள். பழைய பாவி மனந்திரும்பிவிட்டான்! அந்த மனந்திரும்புதலின் காலத்திலேதான் அவனுடைய ஆட்சியின் மிகப் பெரிய அநீதி நடந்தது.

பிரான்சிலே கல்வினிய சபையைச் சேர்ந்த புரட்டஸ்தாந்தர் ஏழெட்டு இலட்சம் பேர் வரையில் இருந்தார்கள். 4ஆம் ஹென்றி மன்னன் 1598இல் நாந்த் நகரில் பிறப்பித்த கட்டளையினால், அவர்கள் தம் முறைப்படி வழிபடச் சட்டம் இடங்கொடுத்திருந்தது. லூயி அதை இழை இழையாக உரித்துக்கொண்டே வந்தான். 1681இல் புவாத்து என்னும் பகுதியிலே படைவீரர்களைக் கொண்டுபோய்ப் புரட்டஸ்தாந்தரின் வீடுகளிலே குடியிருத்தினார்கள். வீட்டுக்காரன் அவர்களுக்குச் சோறும் படுக்கையும் பணமும் கொடுக்க வேண்டும். அவர்கள் தளபாடங்களை உடைப்பார்கள்; இரவிரவாகத் தூங்கவிடாமல் மேளமடிப்பார்கள்; பெண்களை அவமதிப்பார்கள். வீட்டுக்காரன் கத்தோலிக்கனாகிறேன் என்று கையொப்பமிட்டவுடனே அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். இப்படியாகக் கிராமம் கிராமமாக மனந்திரும்பியோரின் பட்டியல்கள் வெர்சாய்க்கு வந்து சேர்ந்தன. 1685 ஒக்டோபரில், இனி என் நாட்டில் புரட்டஸ்தாந்தர் இல்லையாதலால் நாந்த் கட்டளை தேவையில்லை என்று மன்னன் அதை நீக்கினான். ஆலயங்கள் இடிக்கப்பட்டன. போதகர்களுக்குப் பதினைந்து நாள் தவணை. மற்றையோர் நாட்டைவிட்டு ஓடவும் கூடாது. ஓடிப் பிடிபட்ட ஆண்களுக்குக் கப்பலில் துடுப்பு வலிக்கும் அடிமைத் தண்டனை. அடுத்த சனவரியில், ஐந்து முதல் பதினாறு வயதுவரையான பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கத்தோலிக்கராக வளர்க்கும்படி கட்டளை வந்தது. இத்தனைக்கும் தப்பி ஏறக்குறைய இரண்டு இலட்சம் பேர் ஓடினார்கள்.

பயத்தினால் கையொப்பமிட்டவர்கள் பூசைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். விசுவசியாத நாவிலே நற்கருணை வைக்கப்பட்டது. அன்புள்ள தாய்மாரே, தந்தைமாரே, முதல் நற்கருணைக்காகப் பிள்ளைகளை எவ்வளவு கவனமாக ஆயத்தம் செய்கிறீர்கள்! அந்தத் திருவருட்சாதனம் அங்கே மன்னனின் கணக்குப் புத்தகத்தில் ஓர் இலக்கமாகியது.

பொசுவே என்ன செய்தார்? பட்டினியைப் பற்றி மன்னனின் முகத்துக்கு நேரே பேசியவர், மன்னனின் காதலிக்குப் பாவமன்னிப்பு இல்லை என்றவர், 1686 சனவரியில் ஒரு பெரிய அதிகாரியின் மரணச் சடங்கில் பிரசங்கம் செய்து, மன்னனைப் புதிய கொன்ஸ்தந்தீன் என்றும் புதிய தெயோதோசியு என்றும் வாழ்த்தினார். உரோமாபுரியிலும் நன்றிப் பாடல் பாடப்பட்டது. 11ஆம் இன்னசென்ற் மன்னனுக்கு வாழ்த்துக் கடிதம் அனுப்பினார். ஆயினும் படைவீரரைக் கொண்டு ஆன்மாக்களைச் சேர்க்கும் முறை அவருக்கு உவப்பாயிருக்கவில்லை. 1956இல் முத்திப்பேறு பெற்றவராகப் பிரசித்தப்படுத்தப்பட்ட அவரே அதைப் பகிரங்கமாக உரத்துக் கண்டித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

பொசுவே கோழையல்லர். பணத்துக்கு விலைபோனவருமல்லர். ஏன் அவருடைய நாவு அன்று கட்டுண்டது? மன்னன் விபசாரம் செய்தபோது அது பாவமென்று அவருக்குத் தெரிந்தது. மன்னன் ஏழையை மறந்தபோது அதுவும் தெரிந்தது. மன்னன் நம்முடைய சபைக்காக அநீதி செய்தபோது அது அவருடைய கண்ணுக்கு அநீதியாகத் தெரியவில்லை. எதிரியின் பக்கமிருந்து வரும் வாளை எவருக்கும் அடையாளந் தெரியும். நமக்கு இலாபம் தரும் வாளின் கைப்பிடியில் சிலுவை செதுக்கியிருந்தால், அதை வாளென்று சொல்வதற்கு வேறொரு கண் வேண்டும்.

இதே ஆண்டுகளில் நம்முடைய யாழ்ப்பாணத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நினைத்துப் பார்த்தால் உள்ளம் பதறும். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவனுக்கு மரணதண்டனை என்று கட்டளை போட்டிருந்தார்கள். ஆலயங்களைத் தம் கல்வினிய சபைக்கு எடுத்துக்கொண்டார்கள். கத்தோலிக்கப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு அவர்களுடைய போதகரிடமே ஞானஸ்நானம் பெற வேண்டியிருந்தது. பிரான்சிலே கல்வினியத் தாய் தன் குழந்தையை மனமின்றிக் கத்தோலிக்கக் குருவிடம் ஏந்திக்கொண்டு போனாள். யாழ்ப்பாணத்திலே கத்தோலிக்கத் தாய் தன் குழந்தையை மனமின்றிக் கல்வினியப் போதகரிடம் ஏந்திக்கொண்டு போனாள். இரு தாய்மாரும் சிந்திய கண்ணீரில் எதை இறைவன் துடைப்பார், எதைத் துடையாதிருப்பார்?

1687இல், கூலியாள் கோலத்திலே கோவையிலிருந்து ஒரு குருவானவர் வந்து இறங்கினார். புனித யோசேவ் வாஸ் அடிகளாரை நான் உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கழுத்திலே செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனதும், அந்தச் செபமாலையைக் கண்டு எவருடைய கண் கலங்குகிறது என்று பார்த்ததும், சில்லாலை மக்கள் அவரை மறைத்து வைத்ததும் நம் பாட்டிமார் சொல்லிய கதைகள். 1689இல் நத்தார் இரவுப் பூசைக்காகக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்துப் படைவீரர் சுற்றி வளைத்தார்கள். அடிகளார் அகப்படவில்லை. அகப்பட்டவர்கள் சிறையும் சவுக்கடியும் கண்டார்கள். சிலர் அங்கேயே உயிர்விட்டார்கள்.

வரலாறு எவ்வளவு விசித்திரமானது பாருங்கள். யாழ்ப்பாணத்திலே கத்தோலிக்கரை வேட்டையாடிய அதே ஒல்லாந்துக் கம்பனிதான், 1688இல் பிரான்சிலிருந்து தப்பி ஓடிய புரட்டஸ்தாந்தரைக் கப்பலேற்றி, தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் குடியேற்றி நிலமும் கொடுத்தது. துன்பப்பட்டவர்களுக்கு இரங்கிய கையும், துன்பப்படுத்திய கையும் ஒன்றே. தம்மவர் துன்பம் அந்தக் கைக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். பொசுவேக்கும் இதே நோய்தான்.

அடிகளார் 1692இல் கண்டி இராச்சியத்துக்குப் போனபோது, போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறையிலிட்டார்கள். ஆனால் கண்டியை ஆண்ட 2ஆம் விமலதர்மசூரிய மன்னன் அவரை ஆராய்ந்து அறிந்து விடுவித்தான். 1697இல் கண்டியிலே வைசூரி நோய் பரவி மக்கள் தம் உறவினரையே காட்டில் விட்டுவிட்டு ஓடியபோது, அடிகளார் அந்நோயாளரைப் பராமரித்ததைக் கண்டு, நாடெங்கும் போய்ப் போதிக்க மன்னன் உத்தரவு கொடுத்தான். அவன் பௌத்தன், இறுதிவரை பௌத்தனாகவே இருந்தான். அவனும் முடிமன்னன்தான், அவனையும் கேள்வி கேட்பாரில்லை. வெர்சாயின் மகா கிறிஸ்தவ மன்னனிடம் கல்வினியனுக்குக் கிடையாத சுதந்திரம், ஒரு கத்தோலிக்கக் குருவுக்குப் பௌத்த மன்னனிடம் கிடைத்தது. நம் சபையின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, 1544இல் மன்னாரில் வேதசாட்சிகளை வெட்டிய சங்கிலி மன்னனைப் பற்றிச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். கண்டி மன்னனையும் அதே மூச்சிலே சொல்ல வேண்டும், லூயியையும் மறைக்கலாகாது.

பிரான்சிலே ஒருவரேனும் பேசவில்லையா? பேசினார். பெனலோன் என்னும் குரு, மன்னனின் பேரனுக்கு ஆசிரியராயிருந்தவர், 1693ஆம் ஆண்டளவில் பெயரிடாமல் மன்னனுக்கு ஒரு கடிதம் எழுதினார். உமது போர்களாலும் வரிகளாலும் நாடு முழுவதும் உணவில்லாத ஒரு பெரிய வைத்தியசாலையாகிவிட்டது, நீர் இறைவனை நேசிப்பதில்லை, நரகத்துக்குப் பயப்படுகிறீர், அவ்வளவே என்ற கருத்துப்பட எழுதினார். 1693இலும் 1694இலும் வந்த பஞ்சத்திலே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அக்கடிதம் மன்னன் கைக்குப் போய்ச் சேரவில்லை என்றே பலரும் கருதுகிறார்கள். ஆயினும் பெனலோன் பிற்பாடு அரண்மனையின் தயவை இழந்து, தன் கம்பிறே மறைமாவட்டத்துக்குள்ளேயே கிடக்க நேர்ந்தது. அங்கே போர் வந்தபோது தம் ஆயரகத்தை அகதிகளுக்கும் காயப்பட்ட வீரருக்கும் திறந்துவிட்டார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அக்காலத்து மன்னர்கள் பொல்லாதவர்கள், நாம் குடியரசிலே இருக்கிறோம் என்று பத்திரிகையை மடித்து வைத்துவிடாதீர்கள். வெர்சாய் மாளிகை இன்று காட்சிச்சாலை. ஆனால் கட்டளையிட்டால் மறுப்பாரில்லாத சிறு இராச்சியங்கள் நம்மிடையே எத்தனை! வீட்டுத் தலைவன் ஒருவன். சங்கத் தலைவர் ஒருவர். சில இடங்களிலே, சொல்ல வெட்கமாயிருந்தாலும், பங்குக் குருவானவர் ஒருவர். அரசனைத் தந்தைக்கு ஒப்பிட்டார் பொசுவே. அந்த உவமை எதிர்ப்பக்கமாகவும் ஓடும்: தந்தையும் அரசனாகிவிடுவான்.

குறிப்பாக ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன், கோபிக்க வேண்டாம். இளமையிலே குடித்து, ஊதாரியாக அலைந்து, நடுவயதிலே தியானமொன்றுக்குப் போய் மனந்திரும்பும் தகப்பன்மார் இருக்கிறார்கள். இறைவனுக்குத் தோத்திரம். ஆனால் அவர்களிற் சிலர் வீடு திரும்பியதும் முதல் வேலையாகப் பிள்ளைகளைப் பிரம்போடு செபமாலைக்கு உட்கார்த்துகிறார்கள். இருபது வருடம் தான் போகாத பூசைக்கு, ஒரு ஞாயிறு தவறிய மகனை வீட்டு வாசலில் நிறுத்திச் சோறு கொடாமல் விடுகிறார்கள். வேற்று மதத்தவரை விரும்பிய மகளை அறையிலே பூட்டி, அவளுடைய பெயரைச் செபத்தில் சொல்வதையும் நிறுத்திவிடுகிறார்கள். தன் பாவத்துக்குரிய பரிகாரத்தைத் தன் முதுகிலே சுமவாமல் அயலான் முதுகிலே ஏற்றியவன் லூயி மன்னன். அந்தப் பரிகாரத்தை வானகம் ஏற்றுக்கொண்டதா என்று எனக்குத் தெரியாது. அதைச் சுமந்த பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பது தெரியும்: அடுத்த நூற்றாண்டிலே பிரான்சு தேசம் ஆலயங்களையே வெறுத்து எழுந்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு, இதுவும் ஒன்று.

கண்டிக்க வேண்டாமென்று சொல்கிறேனா? லெக்குயே குருவானவரை மறந்துவிடாதீர்கள். அவர் மறுக்க வேண்டியதை மறுத்தார். தம்மிடம் இல்லாத வாளை எடுக்காமல், தம்மிடமிருந்த திறவுகோலை மாத்திரம் பயன்படுத்தினார். பெற்றோரிடமும் அப்படி ஒரு திறவுகோல் உண்டு. இது பிழை, இதற்கு நான் உடன்படேன், என்றாலும் உன் கோப்பை இந்த மேசையிலே இருக்கும் என்று சொல்லக்கூடிய தந்தை தன் அதிகாரத்தில் ஒன்றையும் இழக்கவில்லை.

பாப்பரசர் 6ஆம் சின்னப்பர் காலத்தில், 1965 டிசெம்பர் 7ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமய சுதந்திரத்தைப் பற்றிய பிரகடனத்தை வெளியிட்டது. விசுவாச காரியத்தில் எவரையும் வற்புறுத்தலாகாது; உண்மை தன் சொந்த வலிமையினாலேயே மனத்திற்குள் நுழைகிறது என்பது அதன் சாரம். பொசுவேயின் பிரசங்கத்திலிருந்து அந்த வாக்கை அடைவதற்கு நமக்கு ஏறக்குறைய இருநூற்றெண்பது ஆண்டுகள் பிடித்தன. பிலாத்துவின் முன்னால் நின்ற ஆண்டவர் அதை ஒரு நிமிடத்திலே சொல்லியிருந்தார். தம்முடைய அரசு இவ்வுலகைச் சேர்ந்ததாயிருந்தால் தம் ஊழியர் போராடியிருப்பார்கள் என்றார். தாம் வந்தது உண்மைக்குச் சாட்சி சொல்லவே என்றார். சாட்சி சொல்பவன் கட்டாயப்படுத்த முடியாது. சொல்லலாம், சொன்னதற்காக அடிபடலாம். அதற்கு மேல் அவனிடம் ஆயுதமில்லை.

1715 ஓகஸ்ட் மாதம் லூயி மன்னனின் கால் அழுகத் தொடங்கியது. மகனும் பேரனும் முந்தியே இறந்துவிட்டார்கள். ஐந்து வயதுக் கொள்ளுப்பேரனைக் கட்டிலருகே கொண்டுவந்து நிறுத்தினார்கள். என்னைப்போல் போரையும் மாளிகை கட்டுவதையும் விரும்பாதே, உன் மக்களின் பாரத்தைக் குறை, நான் அதைச் செய்யத் தவறினேன் என்று கிழவன் குழந்தைக்குச் சொன்னான். செப்டெம்பர் 1ஆம் நாள் உயிர் பிரிந்தது. அந்த வார்த்தையை நான் அவனுடைய மிகச் சிறந்த அரச கட்டளை என்று எண்ணுகிறேன். அதைக் கேட்ட குழந்தை 15ஆம் லூயியாகி, அதை மறந்தான் என்பது வேறு கதை.

வருகின்ற ஞாயிறு மாலை, பவனி முடிந்து வீட்டுக்கு வந்தபின், குடும்பச் செபத்திலே புனித லூக்காசின் நற்செய்தி இருபத்திரண்டாம் அதிகாரத்தை எடுங்கள். இராவுணவு மேசையிலே, தங்களில் பெரியவன் யார் என்று சீடர்கள் வாதாடியதும், புறவினத்தாரின் அரசர்களைப் பற்றி ஆண்டவர் சொன்னதும், தாம் பணிவிடை செய்பவராக இருப்பதாகச் சொன்னதும் அங்கே உண்டு. வழமையாக வீட்டிலே மூத்தவர் வாசிப்பார். அன்றைக்கு மாத்திரம் கடைக்குட்டிப் பிள்ளை வாசிக்கட்டும்; எழுத்துக்கூட்டி வாசித்தாலும் பரவாயில்லை, திருத்த வேண்டாம். தகப்பனார் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.